பெயரும் தேதியும்

ஜூன் 3, திங்கள்

தினமும் செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்று எட்வின் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். ஒன்பது பேர் இருக்கும் கம்பெனிக்கு இதெல்லாம் தேவையில்லை என்றேன்.

"ஆவுடை, எது தேவ எது தேவையில்லன்னு நான் பாத்துக்கிடுதேன். நீ எழுதுடே."

முதலாளி சொன்னால் எழுத வேண்டியதுதான். அவருக்குக் கொடுக்கும் தாளில் 'செய்தேன், முடித்தேன்' என்று எழுதுவேன். இந்த நோட்டு எனக்கு.

புது வேலை: அரசு வாரியம் ஒன்றின் ஆள்தேர்வு இணையதளம். எந்த வாரியம் என்று வெளியே சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆய்வக உதவியாளர், நாற்பத்தாறு இடம். என் பங்கு, விண்ணப்பத்தில் போட்டோ ஏற்றும் பக்கம். போன தடவை அங்கே ஒரு பட்டன் மட்டும் இருந்ததாம். அளவு தப்பு என்று திருப்பி அனுப்பும். எப்படிச் சரி செய்வது என்று சொல்லாது. இந்தத் தடவை பக்கத்துக்குள்ளேயே ஒரு எடிட்டர் வேண்டும். வெட்ட, திருப்ப, வெளிச்சம் கூட்ட. பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து போதும்.

வாரியம் கொடுத்த விவரத் தொகுப்பு இருபத்தேழு பக்கம். தொழில்நுட்ப இணைப்பு கடைசி நாலு பக்கம். அதைப் படித்தேன்.

ஜூன் 5, புதன்

படம் வெட்டும் நிரலைப் புதிதாக எழுதுவது முட்டாள்தனம். யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். மூன்றைப் பார்த்து ஒன்றை எடுத்தேன். மதியத்துக்குள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. செல்போனில் எடுத்த படம் படுத்துக்கொண்டு வந்தது. நிமிர்த்தினேன்.

வண்ணார்பேட்டை டீக்கடையில் ஆள் மாறிவிட்டான். டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

கேட்காத ஒன்றைச் சேர்த்தேன். போட்டோவைக் கொடுத்ததும் எடிட்டர் முகத்தைத் தானே கண்டுபிடித்து, மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் கணக்கில் சட்டம் போட்டு, முகத்தை நடுவில் நிறுத்தும். ஆள் 'சரி' என்று அழுத்தினால் போதும். வேண்டுமானால் சட்டத்தைக் கையால் நகர்த்தலாம். யாரும் நகர்த்த மாட்டார்கள், தேவையும் இருக்காது.

இன்னும் இரண்டு முடிவு. ஒன்று, படம் ஏற்கெனவே சரியான அளவில் இருந்தால் எடிட்டர் திறக்காது, அப்படியே உள்ளே போய்விடும். இரண்டு, வெட்டிய படம் மட்டும் சர்வருக்குப் போகும். மூலப்படத்தை வைத்துக்கொள்ள மாட்டோம். எந்த இடத்தில் வெட்டியது என்ற எண்கள் மட்டும் பதிவில் இருக்கும். சர்வரில் இடம் மிச்சம்.

நாற்பது படம் போட்டுச் சோதித்தேன். என்னுடையது, ஆபீஸ் பையன்களுடையது, எட்வின் அண்ணன் மகளின் பிறந்தநாள் படங்கள். நாற்பதும் சரி. அண்ணன் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மூஞ்சிய அதுவே புடிக்கா?" என்றார். ஐந்து நாள் என்று சொன்னேன், ஐந்தே நாள்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா காலையிலிருந்து முன்னறையில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வருடமாக இதே காட்சி. அரசுத் தேர்வு எது வந்தாலும் எழுதுகிறாள். இரண்டு முறை ஒரு மார்க்கில் போயிருக்கிறது. பகலில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவிக் கொடுக்கும் வேலை, நிரந்தரம் கிடையாது. செப்டம்பரில் முப்பத்தைந்து முடிகிறது. அதற்குமேல் இந்த மாதிரி வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

"ஆய்வக உதவியாளர் வருதாம்ல. நாப்பத்தாறு போஸ்ட்டு" என்றாள்.

"அப்படியா" என்றேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேனே.

"இது கடேசி. இதும் போச்சுன்னா புத்தகத்த எல்லாம் எடைக்குப் போட்டுட்டு ஒன் தலையில ஏறி உக்காந்துக்கிடுதேன்."

எட்டு மணிக்கு மேல் என் அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது. எண்ணெய் விட வேண்டும்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அக்கா பி.எட். சேர்வதாக இருந்தது. சேரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20, வியாழன்

தளம் திறந்துவிட்டது. முதல் நாளில் 1,140 விண்ணப்பம். எதுவும் முடங்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அக்காவுக்கு மும்தாஜ் என்று ஒரு தோழி. மேலப்பாளையம். இரண்டு பேரும் மூன்று வருடமாகச் சேர்ந்து படிக்கிறார்கள். நாலு வயதுப் பையன் இருக்கிறான். அவனைத் தூங்கவைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பாளாம். இன்று வந்திருந்தாள், எங்கள் வீட்டில் தோசை.

"உலகு, நான் அப்ளை பண்ணிட்டேன்டி. போன்லயே. பிரவுசிங் சென்டருக்கு ஒரு நட மிச்சம். இந்த வாட்டி போட்டோ என்னா ஈசி தெரியுமா? நான் ஒண்ணுமே செய்யல. அதுவே மூஞ்சிய நடுவுல வெச்சு அழகா வெட்டிக் குடுத்துச்சு."

"எனக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம்மா" என்றாள் அக்கா. "நான் எப்பவும்போல இசக்கி கடைக்கே போறேன். அவன்தான் எனக்கு ராசி."

இசக்கி கடை என்பது பேருந்து நிலையம் பக்கத்தில் உள்ள பிரவுசிங் சென்டர். போட்டோவை அளவெடுத்து வெட்டி, எல்லாவற்றையும் அவனே தட்டிக் கொடுப்பான். போன்லேயே செய்தால் என்ன, அவனிடம் போய் வரிசையில் நிற்பது மடத்தனம் என்றேன்.

"ஏல, நீ இதுவரைக்கும் ஒரு அப்ளிகேசன் போட்டிருக்கியா? பேசாம திங்கிற வழியப் பாரு."

போட்டதில்லை. அரசு வேலைக்கு ஒருநாளும் விண்ணப்பித்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

கடைசி நாள். மாலை ஐந்தே முக்காலுக்கு மூடினோம். மொத்தம் 19,480. என் எடிட்டர் வழியாக வந்தவை 6,312. மற்றவர்கள் சரியான அளவுப் படத்தோடு வந்திருக்கிறார்கள். அதாவது இசக்கி கடைகள் இன்னும் வாழ்கின்றன.

ஜூலை 22, திங்கள்

அடுத்த வேலை. வாரிய ஊழியர்கள் விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஒரு பக்கம். போட்டோக்களை வரிசையாகக் காட்ட வேண்டும், பக்கத்தில் 'ஏற்பு', 'நிராகரிப்பு' என்று இரண்டு பட்டன். சரிபார்ப்பு 31ஆம் தேதி தொடங்குகிறது.

உண்மையான படங்களைப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிசையில் ஆறு படம். நாலில் கீழே வெள்ளைப் பட்டையில் பெயரும் தேதியும் அச்சடித்திருந்தது. இரண்டில் இல்லை. அந்த இரண்டும் எடிட்டர் வழி வந்தவை. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. ஒரு படத்தில் பட்டையின் மேல்பாதி மட்டும் இருந்தது. எழுத்துக்களின் தலை தெரிகிறது, உடம்பு இல்லை.

நிராகரிப்பு பட்டனை அழுத்தினால் காரணங்களின் பட்டியல் விழ வேண்டும். அந்தப் பட்டியலை எடுக்க விவரத் தொகுப்பைத் திறந்தேன். பக்கம் பதினொன்று. 'புகைப்படத்தின் அடியில் விண்ணப்பதாரரின் பெயரும் புகைப்படம் எடுத்த தேதியும் இடம்பெற வேண்டும். இல்லாதவை எவ்விதக் கடிதப் போக்குவரத்துமின்றி நிராகரிக்கப்படும்.'

பதினொன்றாம் பக்கம். நான் படித்தது இருபத்து நாலிலிருந்து.

ஜூலை 23, செவ்வாய்

6,312 படத்தையும் கண்ணால் பார்த்தேன். நிரலை விட்டு எண்ணச் சொல்லலாம். ஆனால் என் நிரலை நான் இப்போது நம்பவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. மதியம் சாப்பிடவில்லை.

நடந்தது இது. ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் முகம் மேலே இருக்கும், பட்டை அடியில் இருக்கும். என் எடிட்டர் முகத்தை நடுவில் வைக்கச் சட்டத்தை மேலே தூக்கியது. பட்டை வெளியே போனது. ஆள் பார்த்திருப்பான். அரசாங்கத் தளமே வெட்டித் தருகிறது, அவர்களுக்குத் தெரியாததா என்று 'சரி' அழுத்தியிருப்பான். நான் சோதித்த நாற்பதில் ஒன்றில்கூடப் பட்டை கிடையாது. பிறந்தநாள் படத்தில் யார் பெயரும் தேதியும் போடுவார்கள்.

பெயரோ தேதியோ இரண்டுமோ போனவை: 2,317.

மூலப்படம் நம்மிடம் இல்லை. அதுவும் என் முடிவுதான்.

ஜூலை 24, புதன்

அக்காவின் விண்ணப்பத்தைத் தேடிப் பார்த்தேன். பார்க்கக் கூடாது. பார்த்தேன். உலகம்மாள், பட்டை தெளிவாக இருக்கிறது, தேதி 12-06. இசக்கி சரியான அளவில் வெட்டிக் கொடுத்திருக்கிறான், எடிட்டர் திறக்கவே இல்லை.

கணக்கு: 19,480 பேருக்கு 46 இடம் என்றால் ஓர் இடத்துக்கு 423 பேர். 2,317 பேர் போனால் 373. பன்னிரண்டு சதவீதம் குறைவு.

இது வெறும் வகுத்தல் கணக்கு. கையில் கால்குலேட்டர் இருந்தது, போட்டேன்.

ஜூலை 25, வியாழன்

எட்வின் அண்ணனிடம் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினார்.

"நீ எதுக்குடே அந்த மூஞ்சி புடிக்கத வெச்ச? அவிய கேட்டாவளா?"

"கேக்கல."

"டெக்ளரேசன் இருக்குல்லா. 'நான் பதிவேற்றிய புகைப்படம் விதிமுறைப்படி உள்ளது.' டிக் அடிச்சாத்தான் உள்ளயே போகும். ரெண்டாயிரத்து முந்நூறு பேரும் டிக் அடிச்சிருக்காம்லா?"

"வெட்டுனது நாமண்ணே."

"காட்டித்தான வெட்டுனோம்? பாத்துட்டுத்தான சரின்னு குடுத்தான்?" குரலைத் தாழ்த்தினார். "ஆவுடை, இது நமக்கு மொதல் அரசாங்க வேல. இப்படின்னு தெரிஞ்சா இனி ஒருத்தன் நம்மள உள்ள விடமாட்டான். இங்க ஒம்போது குடும்பம் இருக்கு. வருசா வருசம் போட்டோவுக்குன்னு ஆயிரம் ரெண்டாயிரம் ரிஜெக்ட் ஆகத்தான் செய்யும். ஒருத்தனும் வித்தியாசமா பாக்கமாட்டான். நீ அந்த செக்கிங் பக்கத்த முடி."

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. யாருக்கும் தெரியாது என்பது உண்மை.

பக்கத்தை முடித்தேன்.

ஜூலை 26, வெள்ளி

மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன். சத்தம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

மும்தாஜ் வந்திருந்தாள். அக்காவுக்கு இயற்பியல் வராது, இவளுக்கு வேதியியல் வராது. ஒருத்திக்கு ஒருத்தி வாத்தியார். மும்தாஜ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் அவள் விண்ணப்பத்தின் பிரிண்ட் இருந்தது. தண்ணீர் எடுக்க எழுந்தபோது பார்த்தேன். முகம் நடுவில், வெளிச்சம் சரி, அழகாகத்தான் இருந்தது. தாடைக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு துப்பட்டா. அதோடு முடிந்தது.

"என்ன தம்பி, போட்டோவையே பாக்கறீங்க? நல்லா விழுந்திருக்கேனா?"

"ம்."

"ஸ்டூடியோக்காரர் அன்னிக்கு பேர தப்பா அடிச்சிட்டாரு. திரும்ப நிக்கவெச்சு எடுத்தாரு. பையன் வெளிய கெடந்து அழுவுறான். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படம்."

அக்கா தலையைத் தூக்காமல், "கெமிஸ்ட்ரிய படிடி. மூஞ்சிக்கு மார்க்கு கெடையாது" என்றாள்.

பிரிண்டில் அந்தப் பெயர் இல்லை என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 29, திங்கள்

காலை 10.04க்கு வாரியக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நகல் எட்வின் அண்ணனுக்கு. தலைப்பு: பிழை அறிக்கை. என்ன பிழை, எந்தத் தேதியில் யார் செய்தது, எத்தனை பேருக்கு, விண்ணப்ப எண்கள் இணைப்பில். கடைசியில் ஒரு வரி: மூலப்படம் சேமிக்கப்படவில்லை, எனவே விண்ணப்பதாரர்களே மீண்டும் ஏற்ற வேண்டும்.

பிழை என்றால் அறிக்கை எழுத வேண்டும். அவ்வளவுதான். இதில் வேறு எதுவும் இல்லை.

10.09க்கு அண்ணன் அறையிலிருந்து வந்தார். எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். "நீ பெரிய அரிச்சந்திரனாடே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பணும்னு தோணலியா?" சொன்னேன் அண்ணே, வியாழக்கிழமை சொன்னேன் என்றேன். திரும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் வாரியத்திலிருந்து போன். கண்காணிப்பாளர் வேதநாயகி. சென்னைக் குரல்.

"ஆவுடையப்பனா? நீங்கதான் அந்த எடிட்டர் செஞ்சவரா?"

"ஆமா மேடம்."

"நாங்க குடுத்தது இருபத்தேழு பக்கம். எத்தனை படிச்சீங்க?"

"நாலு."



"உங்கள நான் நல்லா திட்டணும். ஆனா இதுவரைக்கும் எந்த கம்பெனிக்காரனும் தானா வந்து தப்புன்னு சொன்னதில்ல. அதனால எப்படித் திட்டறதுன்னு தெரியல. மூணு நாள் தரேன். வெள்ளி, சனி, ஞாயிறு. அத்தனை பேருக்கும் எஸ்எம்எஸ் போகணும். சரிபார்ப்பை திங்கட்கிழமைக்குத் தள்றேன். மூணாவது நாள் ஆறு மணிக்கு மேல ஒருத்தர் வந்தாலும் நான் எடுத்துக்க மாட்டேன்."

ஜூலை 31, புதன்

முகம் கண்டுபிடிப்பதை எடுத்துவிட்டேன். படம் முழுதாக வரும், வெட்ட வேண்டுமென்றால் ஆளே வெட்ட வேண்டும். சட்டத்துக்கு அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'பெயரும் தேதியும் தெரிகிறதா?' அரை நாள் வேலை. முதலிலேயே இதைச் செய்திருந்தால் நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலை ஒன்பதுக்கு எஸ்எம்எஸ் போனது. அதில் உதவி எண் என்று கொடுத்திருப்பது என் செல்போன். எட்வின் அண்ணனின் ஏற்பாடு. "ஒன் எடிட்டருல்லா, நீயே பதில் சொல்லு" என்றார்.

ஒன்பதே காலிலிருந்து போன். ஒருத்தர் இது மோசடி மெசேஜா என்று கேட்டார். ஒருத்தர் ஓடிபி கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே எச்சரித்தார். தேனியிலிருந்து ஒரு பெண், "அந்தப் படத்துல நாஞ் சிரிச்சிருக்கேன், அதனாலயா?" என்றாள். ஒரு தகப்பனார், மகளுக்குப் பதிலாகப் பேசியவர், அரை மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு, கடைசியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது மும்தாஜ் முன்னறையில் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"போட்டோல பேரு இல்லியாம்டி! நான் போட்ட படத்துல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. பாரு, இந்தா ஒரிஜினல். அதுதான் வெட்டிருச்சு."

அக்கா பிரிண்டையும் ஒரிஜினலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எந்தச் சவத்து மூதிடி இதச் செஞ்சான்? ரெண்டு எழுத்து வாசிக்கத் தெரியாதா அவனுக்கு? இவனுவள எல்லாம் யாரு இஞ்சினீயர்னு சொல்லி வேலைக்கு வெக்காவ?"

கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. உதவி எண்ணாக என் நம்பரே ஊர் முழுக்கப் போய்விட்ட பிறகு அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம்.

"நாந்தான்" என்றேன்.

அக்கா பார்த்தாள். மும்தாஜ் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு தன் போனில் வந்த உதவி எண்ணைப் பார்த்தாள். அவளிடம் என் நம்பர் இருந்தது. சிரிப்பு நின்றது.

"குடுங்க" என்றேன். அவள் போனை வாங்கி அங்கேயே உட்கார்ந்து படத்தை ஏற்றினேன். பெயர், தேதி இரண்டும் உள்ளே. மூன்று நிமிடம். அவள் போனை வாங்கிக்கொண்டு போனாள்.

அக்கா வாசல்வரை போய்விட்டு வந்தாள்.

"எத்தன பேருக்கு?"

"ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினேழு."

"அவியளா கண்டுபிடிச்சாவளா, நீயா சொன்னியா?"

"நாந்தான் சொன்னேன்."

"எப்ப?"

"திங்கக்கெழம."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அதுக்கு முந்துன திங்கக்கெழம."

அக்கா நாற்பத்தாறால் வகுக்கத் தெரிந்தவள். அந்த ஒரு வாரத்தை மனசுக்குள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னென்னவோ கேட்பாள் என்று நின்றேன்.

"கைய கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை வரை 2,204 பேர் சரி செய்துவிட்டார்கள். மீதி 113. போன் எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். இது என் வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை.

ஒருத்தி பிரசவ வார்டில் இருந்தாள். அவள் புருஷனிடம் அவள் படம் இருந்தது, நானே வழி சொல்லி ஏற்றவைத்தேன். ஒருத்தர் வேறு வேலை கிடைத்துவிட்டது, வேண்டாம் என்றார். ஒரு வீட்டில் "அவ போன்லாம் இப்ப எங்ககிட்டதான் இருக்கு, அவளுக்குக் கல்யாணம் பேசியாச்சு" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வைத்தார்கள். மூன்றாவது முறை எடுக்கவில்லை.

மதியம் மூன்றுக்கு எட்வின் அண்ணன் ஆபீசுக்கு வந்தார். ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். கீழ்ப்பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அவர் குரல் கேட்டது: "வணக்கம்மா, ஒங்க போட்டோ விஷயமா பேசுதேன்..."

ஆறு மணிக்கு மூடியது. 113இல் 79 பேர் வந்துவிட்டார்கள். 34 பேர் வரவில்லை.

34.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேதநாயகி மேடத்திடம் அந்த 34 பேருக்காக இன்னும் ஒரு நாள் கேட்டேன். முடியாது என்றார். முன்பே சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேர்வு. அக்காவை பைக்கில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் மும்தாஜ் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அக்காதான் மேலப்பாளையம் போய்ப் படித்தாள். என்னைப் பார்த்து, "தம்பி, ஹால் டிக்கெட்டுல போட்டோ நல்லா வந்திருக்கு" என்றாள். கேலியா என்று தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு அக்கா வெளியே வந்தாள். எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் எழுதிருக்கேன். அதான் பயமா இருக்கு."

வழியில் இரண்டு எலுமிச்சை சர்பத்.

நவம்பர் 21, வியாழன்

முடிவு வந்தது. மதியம் அக்கா பள்ளியிலிருந்து போன் செய்தாள். "நீயே பாத்துச் சொல்லுல. எனக்குக் கை ஓடல."

தேர்வானவர்கள் நாற்பத்தாறு. மும்தாஜ் முப்பத்தொன்றாவது.

அக்கா நாற்பத்தாறில் இல்லை. கீழே காத்திருப்போர் பட்டியல் பத்துப் பேர். அதில் இரண்டாவது.

"ரெண்டாவதா?" என்றாள். "சரி. மும்தாஜுக்கு நான் சொல்லுதேன், நீ சொல்லாத. அவ இந்நேரம் பள்ளிவாசல் பக்கம் கறி வாங்க நிப்பா, கடையிலேயே அழுதுருவா."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

என் லேப்டாப்பில் அந்த 2,317 விண்ணப்ப எண்களின் கோப்பு இன்னும் இருக்கிறது. தேர்வான நாற்பத்தாறு எண்களும் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட ஒரு வரிக் கட்டளை போதும். அக்கா உள்ளே வர இரண்டு இடம் காலியாக வேண்டும். நான் பேசாமல் இருந்திருந்தால் ஓர் இடம் காலியாகியிருக்கும், அது தெரிந்ததுதான், மும்தாஜின் முப்பத்தொன்று. இன்னொன்று உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி.

கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா துணி மடித்து வைக்க வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"என்னது?"

சொன்னேன். அவளிடம் சுற்றி வளைக்க முடியாது.

"இன்னொரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சா என்ன செய்யப் போற? வீட்டத் தேடிப் போயி சண்ட போடப் போறியா?"

"சும்மா, தெரிஞ்சுக்கிடத்தான்."

"அப்ப தெரிஞ்சுக்க." என் சட்டைகளை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "எனக்குச் சொல்லாத."

போய்விட்டாள். கட்டளையை ஓட்டவில்லை. கோப்பை அழித்தேன். எட்வின் அண்ணனுக்குக் கொடுக்கும் தாளில் 'பழைய கோப்பு நீக்கம்' என்று எழுதலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

மும்தாஜ் வந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை, பையனையும் கூட்டிக்கொண்டு. அல்வா வாங்கி வந்திருந்தாள். அக்காவும் அவளும் சமையலறையில் ரொம்ப நேரம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் புதுப் படம் வேண்டுமாம், மூன்று மாதத்துக்குள் எடுத்தது, அடியில் பெயரும் தேதியும். ஸ்டூடியோ இன்று விடுமுறை. வெள்ளைச் சுவர் பக்கம் நிறுத்தி என் போனில் எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்ட உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஏல, பாத்து. கீழ வெட்டிராத" என்றாள் அக்கா.

மும்தாஜ் முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தாள், பையனும் காரணம் தெரியாமல் சிரித்தான்.

முடித்து எழுந்தபோது அக்கா தலையை ஒதுக்கிக்கொண்டு அதே சுவரில் போய் நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு எடு. ரெண்டு பேரு வேலைக்கு வராமப் போனா என்னையக் கூப்புடுவான்லா. அன்னைக்குப் போயி ஸ்டூடியோவத் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

"மூணு மாசந்தான் செல்லும்க்கா."

"மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுப்ப. நீ எங்க போயிரப் போற?"

எடுத்தேன். முகம் நடுவில் இல்லை, கொஞ்சம் மேலே. அடியில் பட்டைக்கு இடம் விட்டேன். பெயர் தட்டினேன். தேதி தட்டினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன்.